மூன்றாவது கியரில் வருகிற சத்தம்

ஜனவரி 6, வியாழன்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்த டைரி. போன வருடத்து டைரியில் மார்ச்சுக்கு மேல் வெறும் பால் கணக்குதான் இருக்கிறது. இந்த வருடம் எழுதுவதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

காலையில் தங்கச்சி கலாமணி காரோடு பட்டறைக்கு வந்தாள். ஆசனூர் பக்கம் மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி போய், அங்கிருந்து திம்பம் மலையின் இருபத்தேழு வளைவும் ஏறிப் போகிறாள். கூட சென்னியப்பன் வாத்தியாரும் இன்னும் இரண்டு டீச்சர்களும். ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதற்கென்று செய்தது இல்லை.

நேற்று ஒன்பதாவது வளைவில் முன்னால் போன சிமெண்ட் லாரி இழுக்க முடியாமல் நின்று, பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. இவளுக்குப் பின்னால் பஸ். பக்கத்தில் ஒதுங்கி மேலே ஏறிவிடலாம் என்று மிதித்திருக்கிறாள், வண்டி முக்கியதே தவிர நகரவில்லை. லாரி கிளீனர் குதித்துக் கட்டை போட்டதால் பிழைத்தார்கள். இதையெல்லாம் மார்க் ஷீட் படிக்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கடைசியில், "கொஞ்சம் எச்சா இழுக்கற மாதிரிப் பண்ண முடியுங்ளாண்ணா?" என்றாள்.

"பத்துக் குதிரை ஏத்தித் தர்றன், போ" என்றேன்.

கம்பெனியிலிருந்து வரும்போதே ஐம்பது குதிரைதான். அதில் பத்து ஏற்றுகிறேன் என்பது கொஞ்சம் வாய்க்கொழுப்பு. ஆறு ஏழு வந்தால் நியாயம். ஆனால் கோயமுத்தூரில் பதினாலு வருடம் ரேஸ் வண்டிகளுக்கு ஹெட் வேலை பார்த்தவன் தங்கச்சியிடம் ஆறு என்றா சொல்வது?

ஜனவரி 9, ஞாயிறு

கம்ப்ரஷன் பார்த்தேன். நாலு சிலிண்டரும் நல்லபடியாக இருக்கின்றன. ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு சட்டி மண் கொட்டுகிறது. மூச்சே விடமுடியாத வண்டியிடம் ஓடு ஓடு என்றால் எப்படி ஓடும்.

சம்சாரம் வசந்தாமணி டீ கொண்டுவந்து பின்னால் நின்றிருக்கிறாள். திரும்பிப் பார்க்கும்போது டீ ஆறியிருந்தது. கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்றேன். "கூப்பிட்டனுங்க" என்றாள். இவளும் ஊரைப் போலவே முணுமுணுக்கப் பழகிவிட்டாள். முன்பெல்லாம் இந்தத் தெருவில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஜனவரி 11, செவ்வாய்

எஞ்சினுக்கு மேல் மூடி மாதிரி இருக்கிற ஹெட்டை இறக்கினேன். காற்று உள்ளே போகிற வழியெல்லாம் வார்ப்பில் விட்ட முண்டும் முடிச்சும். கேஸ்கெட் ஒரு பக்கம், துளை ஒரு பக்கம். வாய்க்காலில் கரும்புத் தோகை அடைத்த மாதிரிதான் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது. கிரைண்டர் போட்டு மெதுவாக மட்டம் எடுத்தேன். துளையைப் பெரிதாக்கக் கூடாது, வழியைச் சீராக்கினால் போதும். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு போட்டோ எடுக்கிறவர்கள் உண்டு. அவர்கள் வண்டி போட்டோவில் நன்றாக ஓடும்.

ஹெட்டின் அடிப்பக்கத்தை அரை மில்லி சீவக் கோபிச்செட்டிபாளையம் லேத்துக்கு அனுப்பினேன். இடம் குறைந்தால் பெட்ரோல் புகை இன்னும் அழுந்தும். அழுந்தினால் வெடிப்பு வலுவாக இருக்கும். அதிகம் அழுத்தினால் கெட்டுப்போகும், அதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

கலா இந்த வாரம் பஸ்ஸில் போகிறாள்.

ஜனவரி 15, சனி

பொங்கல். கலா குடும்பத்தோடு வந்திருந்தாள். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், யாருக்கு என்ன பதில் சொல்வது? டிவியாவது கேட்போம் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒவ்வொருவராக எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார்கள். பொங்கலும் அதுவுமாக அங்கே என்ன மாநாடோ.

ஜனவரி 18, செவ்வாய்

ஹெட் வந்தது. மட்டம் சரியாக இருக்கிறது. வால்வு சீட்டுகளை நானே வெட்டினேன்.

ஜனவரி 23, ஞாயிறு

வண்டியைப் பூட்டி, கார்புரேட்டரில் பெட்ரோல் விடுகிற ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு, பண்ணாரிக்கு ஓட்டிப் போனேன். மலை ஏறுகிற வண்டி எதுவும் அம்மன் கோயிலில் நிற்காமல் போகாது. சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, ஸ்டியரிங்கில் திருநீறு பூசிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இனி டைமிங். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தீப்பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதில்தான் வேலைக்காரனின் திறமை. சீக்கிரம் விழ விழ வண்டி இழுக்கும். அளவு தாண்டினால் மேலே வருகிற பிஸ்டனும் எரிகிற நெருப்பும் முட்டிக்கொள்ளும். அப்போது தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நாக்கிங் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனையே தின்றுவிடும்.

என் முறை எளிது. ஏற்றத்தில் மூன்றாவது கியர், முழு ஆக்ஸிலேட்டர். சத்தம் வராவிட்டால் இறங்கி, தீப்பொறியை அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை முன்னால் திருப்பு. சத்தம் வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு மயிரிழை பின்னால் வா. மீட்டர் வைத்துச் செய்கிறவர்கள் செய்யட்டும். நான் காதால் வைப்பேன்.

முதல் ஏற்றத்தில் சத்தம் இல்லை. திருப்பினேன். இரண்டாவது தடவையும் இல்லை. இன்னும் திருப்பினேன். அப்போதும் இல்லை. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டே இருக்கிறது இந்த எஞ்சின். கடைசியில் நானாகத்தான் போதும் என்று நிறுத்தினேன். டைமிங்குக்குக் கம்பெனி போட்ட கோட்டிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வைத்தும் வாய் திறக்காத எஞ்சினை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. ஹெட் வேலை அப்படி அமைந்துவிட்டது.

பத்துக் குதிரை என்று வாய்விட்டது பொய்யாகாது போலிருக்கிறது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஜனவரி 30, ஞாயிறு

ஒரு வாரம் ஓட்டிவிட்டு கலா வந்தாள். "சூப்பரா இழுக்குதுங்ணா. மூணாவதுலயே ஏறுது" என்றாள். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து நின்று, "ஏத்தத்துல மிதிச்சா மட்டும் கலகலன்னு என்னமோ சத்தம் வருதுங்ணா" என்றாள்.

சைலன்சர் மேல் இருக்கிற தகட்டில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டேன்.

பிப்ரவரி 2, புதன்

மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வசந்தாமணி ரேஷன் கடைக்குப் போனாள். ஒரு விசில்கூட வரவில்லை. பருப்பு கருகி வீடெல்லாம் நாற்றம். குக்கர் வெயிட்டைக் கழற்றி, ஊசி விட்டுச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றி வைத்துச் சோதித்தேன். ஆவி நன்றாகத்தான் வருகிறது. விசில்தான் இல்லை. புதுசு வாங்கிவிடலாம் என்றேன்.

"அது நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கருகின பருப்புக்கு இவ்வளவு வருத்தமா?

பிப்ரவரி 6, ஞாயிறு

கலா மறுபடியும் அதே சத்தத்தைச் சொல்கிறாள். வாத்தியாருக்கும் கேட்கிறதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"உன்ற வாத்தியாரு கணக்குப் போடட்டும். நீ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து. எஞ்சின்ல எந்தச் சத்தம் என்ன சத்தமுன்னு எனக்குத் தெரியும். ரேஸ் வண்டிக்கே காதுல டைமிங் வெச்சவன் நான்."

"செரிங்ணா" என்று சாவியை எடுத்துக்கொண்டாள்.

சாயந்திரம் அவள் வீட்டுக்கே போய் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன், சும்மா ஒரு திருப்திக்காக. வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். மூன்றாவது பிளக்கில் ஒரு பொட்டு அலுமினியம் மின்னியது. கலப்படப் பெட்ரோலாக இருக்க வேண்டும். வேறு பங்க்கில் போடச் சொன்னேன். புள்ளியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால் தேவையில்லாமல் பயப்படுவாள்.

பிப்ரவரி 8, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. அலுமினியம் பெட்ரோலில் வராது. பிஸ்டன்தான் அலுமினியம்.

பிப்ரவரி 20, ஞாயிறு

பிளக்குகளைப் பார்த்தேன். சுத்தம். ஒரு புள்ளிகூட இல்லை. பங்க் மாற்றியதும் சரியாகிவிட்டது. நான்தான் பெட்ரோல் என்று அன்றே எழுதியிருக்கிறேன்.

மைலேஜும் கூடியிருக்கிறதாம். ஜெட் பெரிதாகப் போட்ட வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்க வேண்டும், இது குறைவாகக் குடிக்கிறது. சத்தத்தைப் பற்றிக் கலா இப்போது பேசுவதே இல்லை. "நல்லாருக்குதுங்ணா" என்பதோடு சரி.

ஒன்றுதான் புரியவில்லை. வண்டி இப்போது வேகமாக ஏறுகிறது, ஆனால் இவள் முன்னைவிட அரை மணி முன்னாலேயே வீட்டிலிருந்து கிளம்புகிறாள். கேட்டால் மலையில் பனி என்கிறாள். மாசிப் பனி அவ்வளவா இருக்கிறது?

பிப்ரவரி 25, வெள்ளி

கலா வண்டியில் இடப்பக்கக் கண்ணாடியைக் காணோம். மாடு முட்டிவிட்டது என்றாள்.

மார்ச் 1, செவ்வாய்

சென்னியப்பன் வாத்தியார் மொபெட்டுக்குப் பிரேக் ஒயர் மாற்ற வந்தார். நல்ல மனிதர், ஆனால் கைத்தறிச் சந்தையில் நிற்கிற மாதிரி கத்திப் பேசுவார். அவர் பேசுவது ஒன்றுதான் எனக்கு இந்த ஊரில் தெளிவாகப் புரிகிறது.

"வெள்ளிக்கிழமை சாமி புண்ணியத்துல தப்பிச்சமுங்க" என்றார்.

மாடு பலமாக முட்டியதா என்று கேட்டேன்.

"மாடா? ஏது மாடு? தேங்கா லாரியைத் தாண்டறதுக்கு வெளிய வந்தமுங்க. பாதி தாண்டியாச்சு. டீச்சரு பொசுக்குன்னு காலை எடுத்துட்டாங்க. மேலிருந்து பஸ்ஸு வருது. முன்னால போகவும் முடியல, பின்னால வரவும் முடியல. லாரிக்காரன் பிரேக் போட்டான், நாங்க அவன் மூக்குல உரசிட்டு உள்ள பூந்தம். கண்ணாடி அவன் பம்பர்ல போயிருச்சுங்க."

"கால எதுக்கு எடுத்தா?"

"அந்தச் சத்தம் வந்தா எடுத்துருவாங்கல்லங்க? மிதிச்சா வருதில்லீங்களா, கலகலன்னு. வந்தவுடனே எடுத்துருவாங்க. ஒரு மாசமா பூனை நடக்கற மாதிரித்தான் ஏறறோம். நீங்க சொல்லித்தான் அப்புடி ஓட்டறாங்கன்னு நெனச்சேனுங்க."

பிரேக் ஒயரை மாற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை.

மார்ச் 2, புதன்

காலையில் போய்க் கலாவின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். டீச்சர்கள் இருவரையும் வாத்தியாரையும் பின்னால் ஏற்றினோம். எதற்கு என்று கலா கேட்கவில்லை.

பண்ணாரி தாண்டி முதல் வளைவு வரை நான் ரோட்டைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் வலது காலைப் பார்த்தேன். மிதிக்கிறாள். உடனே எடுக்கிறாள். வளைவு திரும்பி நேர் ரோடு வருகிறது, மிதிக்கிறாள், எடுக்கிறாள். சூடான தரையில் கால் வைக்கிற மாதிரி இருந்தது. நான் ஏற்றித் தந்த குதிரைகளில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. முதலில் இருந்த ஐம்பதில் பாதியை வைத்துத்தான் மலை ஏறிக்கொண்டிருந்தாள்.

"மிதி" என்றேன்.

மிதித்தாள்.

"எடுக்காத. மிதிச்சுட்டே இரு."

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். காற்று கேட்டது. எஞ்சினின் அடிக்குரல் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது பின்சீட்டில் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு டீச்சர் காதுப் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டு, நான் பார்த்ததும் கீழே இறக்கினார்.

"இப்ப வருதா கலா?"

"வருதுங்ணா."

"பலமாவா?"

"நெம்பப் பலமா வருதுங்ணா."

நிறுத்தச் சொன்னேன். ஆறாவது வளைவுக்கு மேலே ஓரமாக நிறுத்தினாள். இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"எனக்குக் கேக்கல கலா" என்றேன். சொல்லிவிட்டேன். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்தத் தேங்காய் லாரியை நினைத்துப் பயமாக இருந்தது.

"தெரியுமுங்ணா" என்றாள். "பொங்கலப்பவே தெரியும்."

"அன்னிக்கு நான் கோவத்துல வஞ்சப்ப, உங்களுக்குக் காது கேக்கலீன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னாப் பட்டறையை மூடிப்போட்டு உக்காந்துருவீங்க. அப்புறம் மனுசனை எந்திரிக்க வெக்க முடியாதுன்னு அண்ணி அழுதாங்க. அதான், நாந்தான் காலை எடுத்துக்கறனே, வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு…"

வண்டிக்கு ஒன்றும் ஆகாதாம். அண்ணன் மனசு நோகக் கூடாது என்று ஒரு மாதமாக இருபத்தேழு வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள், கூட மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு. திட்ட வாய் வந்தது. யாரைத் திட்டுவது?

மார்ச் 3, வியாழன்

வசந்தாமணியிடம் எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ரெண்டு வருசமாக என்றாள். தன் குரல் எனக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகு வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டாளாம். நான் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, ஞாயிறு

ஹெட்டை மறுபடியும் இறக்கினேன். மூன்றாவது பிஸ்டனின் ஓரம் எலி கொறித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருக்கிறது. கலா காலை எடுக்காமல் இருந்திருந்தால் பிப்ரவரி தாண்டியிருக்காது. ஏதாவது ஒரு வளைவில் பிஸ்டன் ஓட்டையாகி எஞ்சின் செத்து, அதோடு பிரேக்கும் மிதிபடாமல் கெட்டியாகி, வண்டி பின்னால் உருண்டிருக்கும். பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கண் பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டது. பெட்ரோல் என்று எழுதியது கைதான்.

மார்ச் 9, புதன்

ஈரோட்டில் காது டாக்டர். வசந்தாமணி கூட வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தாமலே இருக்கும்போது வெளியே சோதனை செய்கிற பெண் எதையோ குறித்துக்கொண்டே இருந்தாள். சன்னமான சத்தமெல்லாம் போய்விட்டதாம், கிரைண்டரும் எஞ்சினும் முப்பது வருடமாகத் தின்றதாம். காதுக்கு மிஷின் வைத்தால் பேச்சு கேட்குமாம். பழைய மாதிரி ஆகுமா என்றேன். டாக்டர் வசந்தாமணியைப் பார்த்து ஏதோ சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஆகாது என்றார்.

மார்ச் 13, ஞாயிறு

புது பிஸ்டன், கொஞ்சம் தடித்த கேஸ்கெட். டைமிங்கை நான் வைத்த இடத்துக்கும் கம்பெனிக் கோட்டுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினேன். நானும் கலாவும் மட்டும் பண்ணாரிக்குப் போனோம்.

"இன்னிக்கு நீதான் காது" என்றேன். "நான் இறங்கித் திருப்புவேன். நீ ஓட்டு. வந்தா வருதுன்னு சொல்லு."

முதல் ஏற்றம். மூன்றாவது கியர், முழு மிதி. மேலே போனதும், "வருதா?" என்றேன்.

"இல்லீங்ணா. நல்லாருக்குது."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பாதி ஏற்றத்தில் அவள் பாதம் ஒரு அங்குலம் மேலே வந்து போனதைப் பார்த்திருந்தேன்.

"உன்ற கால் தூக்குச்சு கண்ணு. பாத்துட்டுத்தான் கேக்கறேன்."

ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பதினொரு வயது சின்னவள். அப்பா போன பிறகு நான்தான் படிக்க வைத்தேன். அன்று முதல் நான் சொன்னதற்கு எல்லாம் சரிங்ணாதான். அதற்குப் பெயர் மரியாதை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மனசு நோகுமுன்னு பாக்காத. நீ இல்லைன்னு சொல்லி, நான் நம்பி அனுப்பி, உனக்கு ஒண்ணு ஆனா நான் என்ன பண்ணட்டும்? சொல்லு. வருதா?"

ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தாள். பிறகு என் பக்கம் முழுதாகத் திரும்பி, "வருதுங்ணா. நீங்க வெச்சது தப்புங்ணா" என்றாள்.

இறங்கி பானட்டைத் திறந்து திருப்பினேன். மறுபடியும் ஏறினோம். "வருதுங்ணா." திருப்பினேன். "கொஞ்சமா வருதுங்ணா." திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் குரல் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. கடைசியில், நான் திருப்பியது போதாது என்று அவளே இறங்கிவந்து பானட்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டினாள். கம்பெனிக் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் வந்தபோதுதான், "இப்ப இல்லீங்ணா" என்றாள். கால் அசையவில்லை.

டைமிங்கில் நான் சம்பாதித்தது எல்லாம் போயிற்று. காற்று வழியைச் சீராக்கியதும், ஹெட்டைச் சீவியதும், ஜெட்டும் சேர்த்து ஐந்து குதிரை மிஞ்சியிருக்கலாம். நாலாகவும் இருக்கலாம். அளந்து பார்க்கப் போவதில்லை.

பண்ணாரியோடு திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள்தான் திம்பம் வரை போய்ப் பார்க்கலாம் என்றாள். பதினாலாவது வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு பார லாரி. நேர் ரோடு, மேலே வண்டி எதுவும் இல்லை. மிதி என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவள் ஹாரன் அடித்துவிட்டு வெளியே வந்தாள். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. லாரியின் டயர் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து பின்னால் போயிற்று, அதன் மூக்கும் போயிற்று, நாங்கள் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். அதுவரை கலா காலை எடுக்கவில்லை.